ஒரு கைக்கு இரண்டு பிரேக்

இது நடந்து இன்னும் ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. சாந்தோமில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், என் சைக்கிள் தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். "பழைய இரும்புக்காரனாண்ட போட்டுடலாமா?" என்று என் கணவர் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் டப்பிங்கில் கும்பல் குரல் கொடுப்பவள். சீரியலில் கல்யாண மண்டபத்தில் கதாநாயகிக்குப் பின்னால் நாலு பெண்கள் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்களே, மார்க்கெட்டில் கத்துவார்களே, எழவு வீட்டில் மாரடித்து அழுவார்களே, அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையதாக இருக்கலாம். முகம் தெரியாது, பெயர் வராது. ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை. இதில் ஒரே சிக்கல், முன்கூட்டியே யாரும் கூப்பிட மாட்டார்கள். கோடம்பாக்கத்திலிருந்து ஏஜென்ட் திடீரென்று போன் செய்வார். "உடனே வர முடியுமாம்மா? சீன் ஓடிக்கிட்டு இருக்கு" என்பார். அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் பொடிநடையாகப் போய்விடுவார்கள். சாந்தோமிலிருந்து நானும் அவர்களுக்குச் சமமாகப் போய் நின்றேன் என்றால் அதற்குக் காரணம் சைக்கிள்தான். பஸ் திணறும் இடத்தில் எல்லாம் நான் சந்து சந்தாகப் புகுந்து போய்விடுவேன்.

கியர் வைத்த சைக்கிள் அது. அடையாறில் ஒரு குடும்பம் வெளிநாடு போகும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டது. நான் வாங்கி, பின்னால் ஒரு கேரியர் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னதற்கு முந்தைய வருடம், லஸ் முனையில் எதிர்த்திசையில் பைக்கில் வந்த ஒருவர் என்னை இடித்துத் தள்ளினார். இடது மணிக்கட்டு நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சரியாகவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் அழுத்திப் பிடிக்க வலு இல்லை. டம்ளரைத் தூக்கலாம், ஈரத்துணியைப் பிழிய முடியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணி பிழிவது என் கணவர்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சைக்கிளில் இடது கைக்கு இரண்டு வேலை உண்டு. பின்சக்கர பிரேக்கைப் பிடிக்க வேண்டும். பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பல்சக்கரங்களில் செயினை மாற்றக் கட்டைவிரலால் ஒரு பித்தானைத் தள்ள வேண்டும். எனக்கு இரண்டுமே முடியாது. அதனால் வண்டி மாடிப்படிக்குக் கீழே போனது. நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். போய்ச் சேரும்போது பாதி நேரம் சீன் முடிந்திருக்கும். ஏஜென்ட் நல்ல மனிதர், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு போன் வருவது குறைந்தது. பிறகு அநேகமாக நின்றே போனது.

இப்படி இருக்கும்போதுதான் இரும்புக்காரர் பேச்சு வந்தது. "இருங்க, கொஞ்சம் யோசிக்கிறேன்" என்றேன். மறுநாள் கைப்பயிற்சிக்குப் போன இடத்தில் பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். "கையை ஊன்றலாம்க்கா, பயமே வேணாம். இறுக்கிப் பிடிக்கத்தான் முடியாது" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதே யோசனை. ஊன்ற முடியும் என்றால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள இடது கை போதும். மற்ற வேலையை எல்லாம் வலது கைக்கு மாற்றிவிட்டால் என்ன?

அடையாறில் பெரிய கண்ணாடிக் கதவு போட்ட சைக்கிள் ஷோரூம் ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக், புது சக்கரங்கள், புது ஃபிரேம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாம் நல்ல சாமான்தான். அந்த விலைக்கு என் சைக்கிளைப் போல ஐந்தாறு சைக்கிள் வாங்கிவிடலாம், அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பிறகுதான் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் பாய் கடை ஞாபகம் வந்தது. பஞ்சர் ஒட்ட இரண்டு மூன்று தடவை அங்கே போயிருக்கிறேன். பாய்க்கு என் வயதுதான் இருக்கும். வாடிக்கையாளரோடு சென்னைத் தமிழிலும் வீட்டோடு போனில் உருதுவிலும் ஒரே மூச்சில் பேசுவார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா சொல்ற? ரெண்டு பிரேக்கும் ஒரே கையிலயா? அது அந்துச்சுன்னா நடுரோட்டுல இன்னா பண்ணுவ?"

நான் ஏற்கெனவே போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். மூன்று சக்கர வண்டிகளில் ஒரே பிரேக் லிவரில் இரண்டு ஒயர் மாட்டும் மாதிரி ஒன்று இருக்கிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். அதைக் காட்டினேன். பாய் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"இத நான் செஞ்சதில்லமா. செஞ்சி பாக்கலாம். ஆனா சரியா வரலன்னா இங்கியே திரும்பி வரணும், என் தலைமேல கோவப்படக்கூடாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கியர் வேலையை முதலில் எடுத்துக்கொண்டார். முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களில் நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றினார். இடது கை பித்தான், அதன் ஒயர், செயினைத் தள்ளும் தகடு எல்லாம் வெளியே வந்தன. வண்டியே இளைத்துப்போன மாதிரி இருந்தது. "அப்ப பாலம் எப்படி ஏறுறது பாய்?" என்று கேட்டேன். கோடம்பாக்கம் பாலம் ஏறாமல் எனக்குப் பிழைப்பு இல்லை.

"அதுக்குத்தான் பின்னாடி பெரிசா போடப்போறன்" என்றார். பின்சக்கரத்தில் இருந்த ஃப்ரீவீல் என்கிற பழைய பல்சக்கர அடுக்கைக் கழற்றிவிட்டு, கடைசிப் பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டைப் போல் அகலமாக இருந்த ஒன்றை மாட்டினார். அது பெரிதாக இருந்தால் மிதிப்பது லேசாகும், வேகம் குறையும். இருக்கட்டும், பாலத்தில் யாருக்கு வேகம் வேண்டும். பழைய செயின் அதற்கு எட்டவில்லை. கடைசிப் பல்லில் போட்டதும் வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. புதுச் செயினை எடுத்துப் பெரிய பல்லைச் சுற்றி வைத்து, கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டினார்.

கியர் சரியாக விழவேண்டுமே, அதுதான் நேரம் பிடித்தது. பாய் பெடலைச் சுற்ற, நான் வலது கட்டைவிரலால் மாற்றிக்கொண்டே வந்தேன். எல்லாம் சரி என்றார். எனக்கு நடுவில் ஒரு பல்லில் மட்டும் 'கிர்ர்' என்று மெல்லியதாக ஒரு உரசல் கேட்டது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டுப் பழகிய காது இது. "இன்னும் இருக்கு பாய்" என்றேன். சந்து முழுக்க ஹாரன் சத்தம், அவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் என் பேச்சை நம்பி, ஒயர் முனையில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும்... இன்னும்... போதும்" என்றேன். உரசல் நின்றது. பாய் சிரித்துவிட்டார். "நீ இங்கியே வேலைக்கு வந்துடுமா!"

அடுத்த வாரம் இரட்டை ஒயர் லிவர் வந்தது. மாட்டினோம். தெருவில் மெதுவாக ஓட்டிப் பிடித்தேன், நின்றது. "கொஞ்ச நாளு இங்கியே சுத்திப் பாரு, அப்பால வெளிய போ" என்று பாய் சொல்லி அனுப்பினார். நான் எங்கே கேட்டேன்? மறுநாள் காலையிலேயே அடையாறு பாலத்துக்குப் போய்விட்டேன்.

ஏறியது அவ்வளவு சுகமாக இருந்தது. பெரிய பல்லில் போட்டுவிட்டு மாவு அரைப்பதைப் போல் மிதித்தேன், வண்டி தானாக மேலே போனது. கீழே ஆறு மின்னியது. இறங்கத் தொடங்கியதும் முன்னால் போன வேன் வேகத்தைக் குறைத்தது. நான் லிவரை அழுத்தினேன். அது ஹேண்டில்பாரில் வந்து 'டக்' என்று இடித்தது. வண்டி லேசாகத் தயங்கியது, நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அழுத்த இடமே இல்லை.

வேனுக்கு இடப்பக்கம் வளைத்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். பாலம் முடியும் இடத்தில் ஓரமாக ஒரு அம்மா இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் குவித்து வைத்திருந்த இளநீர் மட்டைக்குள் போய்ச் செருகிக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் மட்கார்ட் கோணிக்கொண்டது. அந்த அம்மா அரிவாளோடு ஓடிவந்து, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று ஆரம்பித்தவர், நான் இன்னும் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு காயை வெட்டி என் கையில் கொடுத்தார். "குடி மொதல்ல. அப்பால திட்டுறன்" என்றார். குடித்து முடித்தபோது அவருக்குத் திட்ட மனம் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வண்டி நிறைய அடுத்தவர் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர், பிரேக் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. காலையில் வேனை எடுக்கும் முன் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சிலுவை போடுவார். கோணிய மட்கார்டைப் பார்த்தார். நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "ஆஸ்பத்திரியில நீ படுத்துக்கினு இருந்தத நான் இன்னொரு தபா பாக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். துணி மட்டும் எப்போதும்போல் பிழிந்து கொடியில் காய்ந்தது.

அவர் பயம் நியாயம்தான். ஆனால் எனக்குள்ளும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பழைய பிரேக் கட்டைகள்தான், பழைய ரிம்தான். பழைய லிவரில் அருமையாக நின்ற வண்டி புது லிவரில் ஏன் நிற்கவில்லை? கை வலு காரணமில்லை, வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. லிவர் கடைசிவரை வந்துவிட்டதே!

ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் பழைய லிவரையும் புது லிவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒவ்வொரு ஒயரைக் கோத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒயரில் ஒரு புள்ளி வைத்தேன். பழையதை மடக்கினேன், புள்ளி இவ்வளவு நகர்ந்தது. புதியதை மடக்கினேன். நம்ப முடியாமல் மறுபடி மடக்கினேன். பழையதில் நகர்ந்ததில் பாதிதான் இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒரே மாதிரி. உள்ளே ஒயரின் தலை உட்காரும் குழி மட்டும் பழையதில், லிவர் மடங்கித் திரும்பும் ஆணியிலிருந்து தள்ளி இருந்தது, புதியதில் ஆணிக்கு ஒட்டினாற்போல் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பினால் என் கணவர், கையில் காப்பி டம்ளரோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. டம்ளரைக் கீழே வைத்தார். புது லிவரை எடுத்து மடக்கினார். பழையதை எடுத்து மடக்கினார். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அடியே, இது ஸ்ட்ரோக் பத்தல!" என்றார். "உன் வண்டியில கீற பிரேக்குக்கு ஒயர நெறைய இழுக்கணும். இது கொஞ்சமா இழுக்குற ஜாதி. இது வேற மாதிரி பிரேக்குக்குச் செஞ்சது. வேன்ல பிரேக் எண்ணெய தள்ற மாஸ்டர் சிலிண்டர சின்னதா மாத்திப் போட்டா பெடலு தரைக்குப் போவுமே, அதே கததான்!"

அவ்வளவு நாள் பேசாமல் இருந்தது அவருக்கே மறந்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் லிவரை மடக்கி மடக்கிப் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் வேன் சவாரி முடிந்ததும் அவரே, "வா, பாய் கடைக்குப் போலாம்" என்றார்.

பாய் இரண்டு லிவரையும் வாங்கிப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, நான் ஒயரு தல ரெண்டு கீதான்னு மட்டும்தாம்மா பாத்தேன், இழுவ எவ்ளோன்னு பாக்கலியே" என்றார். உடனே போனை எடுத்தார். பாரிமுனைப் பக்கம் பாரம் ஏற்றும் சைக்கிளுக்குச் சாமான் விற்கிற ஒருவரைப் பிடித்தார். உருதுவில் நெடுநேரம் வாதாடினார். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, "இரட்டை ஒயரு, நீட்டு இழுவ. கெடைக்குது" என்று பெருவிரலை உயர்த்தினார்.

அந்த லிவரை மாட்டிய நாள் கடையில் ஒரே சண்டை. எந்தச் சக்கரம் முதலில் பிடிக்க வேண்டும் என்று பாய்க்கும் என் கணவருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் சரி என்றார் பாய். "முன்சக்கரம் கப்புனு புடிச்சா ஆளு ஹேண்டில் மேல பறந்துடும் பாய். மொதல்ல பின்னாடி தொடணும், அப்பால முன்னாடி கவ்வணும்" என்றார் என் கணவர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சக்கரங்களைச் சுற்றிவிடச் சொல்லி, லிவரை மெல்ல மெல்ல அழுத்திக் காதால் கேட்டேன். பின்னால் 'ஸ்ஸ்' என்று ஆரம்பிக்க வேண்டும், ஒரு மூச்சு தள்ளி முன்னால் கேட்க வேண்டும். ஒயரை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்தோம். பிரேக் கட்டையையும் மிருதுவான ரப்பராக மாற்றினார் பாய். ஒரு கையின் வலு இரண்டு சக்கரத்துக்குப் பிரிந்து போகிறதே, அதனால் கவ்வுகிற ரப்பராக இருந்தால் நல்லது என்றார். என் கணவர் பங்குக்கு வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். இடது கைப்பிடியில் உள்ளங்கை ஊன்ற அகலமான ரப்பர் ஒன்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், அடையாறு பாலத்தில் சோதனை என்று முடிவாயிற்று. சோதனையை முடிவு செய்தது நான் இல்லை, என் கணவர்.

"இன்னா சோதனை?" என்று கேட்டேன்.

"எறங்கும்போது நான் கேரியர்ல குந்திக்கிறன். ரெண்டு பேரு வெயிட்ட நிறுத்துச்சுன்னா, உன் ஒருத்திய நிறுத்தாதா?" என்றார்.

என் கணவர் நல்ல உடம்புக்காரர். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக் பிடிக்காவிட்டால் தானும் கூடவே விழுவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார்.

காலை வெயில் ஏறியிருக்கவில்லை. நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர பாலத்தில் கூட்டமில்லை. நான் மிதித்து ஏறினேன், அவர் நடந்து ஏறினார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் பாதி வழியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். "என்னங்க, தூக்கிட்டு வரணுமா?" என்று கத்தினேன். நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேரியரில் உட்கார்ந்தார். டயர் சப்பையானது தெரிந்தது. மெல்ல விட்டேன். சரிவு எங்களை இழுத்துக்கொண்டது. காற்று காதில் அடித்தது. பின்னால் அவர் முணுமுணுப்பது கேட்டது, ஜெபமா புலம்பலா தெரியவில்லை. "இப்ப புடி" என்றார். அழுத்தினேன். முதலில் பின்னால் ஒரு தயக்கம், அடுத்து முன்னால் ஒரு கவ்வல். லிவர் பாதி தூரம்கூட வரவில்லை. வண்டி முரட்டுத்தனம் எதுவும் இல்லாமல், குழந்தை அம்மா இடுப்பில் ஒட்டிக்கொள்வதைப் போல் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் இறங்கவில்லை. "இன்னொரு தபா" என்றார். விட்டேன், பிடித்தேன், நின்றது. "இன்னொரு தபா" என்றார். பாலம் தீரும்வரை பிடித்துப் பிடித்து இறங்கினோம். கடைசியில் இறங்கி நின்றவர் என் வலது கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "போ. எங்க வேணாலும் போ" என்றார்.

ஏஜென்டுக்கு நானே போன் செய்து, பழையபடி உடனே வர முடியும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, "பாக்கலாம்மா" என்றார். ஆனால் இரண்டு நாள் கழித்து முற்பகலில் கூப்பிட்டுவிட்டார். வர வேண்டிய ஒரு அம்மா வரவில்லை, ஸ்டுடியோ நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, உடனே வா என்றார்.

மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி வண்டிகள் தேங்கி நின்றன. நான் மாட வீதியைத் தவிர்த்து உள்தெருக்களில் புகுந்தேன். கதீட்ரல் ரோடு, நுங்கம்பாக்கம், பிறகு கோடம்பாக்கம் பாலம். அடிவாரத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினேன், 'டிக்' என்று ஒரே சத்தத்தில் விழுந்தது. பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு ஊர்ந்தது. இந்தப் பாலத்தில் முன்பெல்லாம் நான் பாதியில் இறங்கித் தள்ளியிருக்கிறேன், இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்திலேயே. அன்று இறங்கவில்லை. வியர்வை கண்ணில் வழிந்தது, தொடை எரிந்தது. ஆனாலும் மிதித்துக்கொண்டே உச்சிக்கு வந்துவிட்டேன். கீழே மின்சார ரயில் ஒன்று தடதடவென்று ஓடியது. எனக்காகத்தான் கை தட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போது எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ, சைகை எதுவும் இல்லாமல் ஆள் இறக்கச் சடாரென்று நின்றது. யோசிக்க நேரமில்லை. கை தானாக அழுத்தியது. பின்சக்கரம், முன்சக்கரம், அடுத்த நொடி நான் நின்றுகொண்டிருந்தேன். என் டயருக்கும் ஆட்டோவின் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். தப்பு அவருடையது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அசட்டுச் சிரிப்போடு, "செம பிரேக்குக்கா!" என்றார். வந்த கோபம் அப்படியே போய்விட்டது. நடுப்பாலத்தில், ஹாரன் அடிக்கும் வண்டிகளுக்கு மத்தியில், நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது ஏஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே கையைக் காட்டினார். அன்றைக்கு எழவு வீட்டுக் காட்சி. மைக் முன்னால் இருந்த பெண்களோடு நின்று ஒப்பாரியை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிறுத்தச் சொன்னார். "அக்கா, கடைசில நிக்கிற அக்கா! பொணம் உங்க வீட்டுப் பொணம். நீங்க என்னமோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி அழுறீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். மூன்று முறை முயற்சி செய்த பிறகுதான் அழுகை வந்தது. அது என்னவோ நிஜ அழுகையாகவே வந்துவிட்டது, மிகவும் நன்றாக இருந்தது என்றார்கள்.

இப்போது மறுபடியும் போன் வருகிறது, நானும் போய்க்கொண்டிருக்கிறேன். என் இடது கை அப்படியேதான் இருக்கிறது, இனி அது மாறாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் வண்டிக்கு ஏற்றபடி நான் இல்லையே என்று நினைத்து அழுவேன். வண்டியை எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்துகொண்ட அந்த நாளிலிருந்து, எதையும் என்னால் முடியாது என்று சொல்வதற்கு முன்னால், அதைக் கழற்றி ஒருமுறை உள்ளே பார்த்துவிடுகிறேன்.